கார் நிறுத்துமிடம் ஏன் அங்கே வந்தது? ஆஸ்திரேலிய செனட்டில் அரசைக் கேள்வி கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2019 மே மாதத் தேர்தலுக்கு முன், ஆஸ்திரேலிய மத்திய அரசு 47 இடங்களில் ரயில் பயணிகளுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டித் தருவதாகச் சொன்னது. செலவு சுமார் 66 கோடி டாலர். காலை ஏழரை மணிக்கு ரயில் நிலையத்தைச் சுற்றி மூன்று முறை வட்டமடித்து, கடைசியில் அரை கிலோமீட்டர் தள்ளி வண்டியை விட்டுவிட்டு ஓடியவர் எவருக்கும் அது நல்ல செய்தி. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூனில், தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. 47 இடங்களில் 77 சதவீதம் ஆளுங்கட்சிக் கூட்டணியின் தொகுதிகளில் இருந்தன. 64 சதவீதம் மெல்பர்ன் நகரில் இருந்தன. 2021 மார்ச் முடிவில் கட்டி முடிக்கப்பட்டிருந்தவை இரண்டே.

அந்த இடங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்தப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் வெளியே வந்ததற்குத் தணிக்கையாளர்களும், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழுக்களும் காரணம். போக்குவரத்தையும் ஊர்ச் சேவைகளையும் பற்றி எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர் அரசைக் கேள்வி கேட்பது எப்படி நடக்கிறது, எந்தப் படியில் வேலை செய்கிறது, எந்தப் படியில் வெறும் சத்தமாகிப் போகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். செனட்டர் அலுவலகத்தில் குறிப்பு தயாரிப்பவருக்கும், தன் ஊர்க் குறையை ஒரு செனட்டரிடம் கொண்டுபோக நினைக்கும் குடியிருப்பாளருக்கும் பயன்படலாம்.

முதலில் களத்தைப் பாருங்கள்

செனட்டில் 76 பேர். ஆறு மாநிலங்களுக்குத் தலா 12, இரண்டு பிரதேசங்களுக்குத் தலா 2. செனட்டருக்குத் தொகுதி கிடையாது. மாநிலம் முழுவதும் அவருடைய ஊர்தான். அதனால் உங்கள் தொகுதி உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரராக இருந்து உங்கள் கடிதத்துக்கு அழகான நன்றிக் கடிதம் மட்டும் அனுப்பினால், அதே குறையை உங்கள் மாநிலத்தின் எதிர்க்கட்சி செனட்டரிடம் கொண்டுபோகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று: 2005 ஜூலை முதல் 2008 ஜூன் வரை, பிரதமராக இருந்த ஜான் ஹோவர்டின் லிபரல்–தேசியக் கூட்டணிக்குச் செனட்டில் பெரும்பான்மை இருந்தது. அதற்குப் பிறகு எந்த அரசுக்கும் இல்லை. கீழவையில் அரசு சொன்னதே முடிவு. செனட்டில் எதிர்க்கட்சியும் சிறு கட்சிகளும் சேர்ந்தால் ஆவணம் கேட்கலாம், விசாரணைக் குழு அமைக்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த எண்ணிக்கையின் மீதுதான் நிற்கின்றன.

படி 1: ஊர்க் குறையைக் கான்பெராவின் குறையாக மாற்றுங்கள்

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பஸ் வரவில்லை, நடைபாதை உடைந்திருக்கிறது, நூலகம் மூடப்படுகிறது. உண்மையான குறைகள்தான். ஆனால் பஸ்ஸும் ரயிலும் மாநில அரசின் பொறுப்பு. நடைபாதையும் நூலகமும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் உள்ளூராட்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. இடம் கொடுக்க 1974இலும் 1988இலும் நடந்த பொது வாக்கெடுப்புகள் இரண்டும் தோற்றன. எனவே மத்திய அமைச்சரிடம் உங்கள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், அது மாநில அரசைச் சார்ந்த விஷயம் என்று ஒரே வரியில் பதில் வரும். கேள்வி செத்தது.

மத்திய அரசின் கை எங்கே இருக்கிறது? பணத்தில். அரசியலமைப்பின் 96ஆவது பிரிவு, மாநிலங்களுக்கு நிபந்தனையோடு பணம் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த வழியாகத்தான் சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் பணம் போகிறது. 500க்கும் மேற்பட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஆண்டுதோறும் போகும் நிதியுதவி மானியத்தை 1974–75இல் பிரதமர் விட்லமின் அரசு தொடங்கியது. இப்போது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாநில மானியக் குழுக்கள் வழியாகப் பங்கிடப்படுகிறது. 1990களின் நடுவில் மத்திய வரி வருவாயில் சுமார் 1 சதவீதமாக இருந்த அந்த மானியம் இன்று அரை சதவீதம் அளவுக்கு இளைத்துவிட்டது; அதை மறுபடி 1 சதவீதமாக்குங்கள் என்று ஆஸ்திரேலிய உள்ளூராட்சிச் சங்கம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, 'எங்கள் சாலை ஏன் குழியாகக் கிடக்கிறது?' என்ற கேள்வி கான்பெராவுக்கு ஆகாது. சாலை மீட்புத் திட்டத்தில் (மன்றங்களின் சாலைகளுக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டம்) எங்கள் மன்றத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் இதுவரை கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டால் ஆகும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கான்பெராவில் சம்பளம் வாங்குகிறார்.

படி 2: தாளைத் தேடுங்கள்

நல்ல கேள்வி அவையில் பிறப்பதில்லை. யாரும் படிக்காத ஏதோ ஒரு அட்டவணையின் அடிக்குறிப்பில் பிறக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் லெப்பிங்டன் முக்கோணம். மேற்கு சிட்னி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சுமார் 12 ஹெக்டேர் நிலம். வருங்காலத்தில் இரண்டாவது ஓடுபாதை வந்தால் தேவைப்படும் என்று மத்தியப் போக்குவரத்துத் துறை 2018இல் 2.98 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த இரண்டாவது ஓடுபாதை 2050 வாக்கில்தான் தேவைப்படும். வாங்கிய அடுத்த ஆண்டு, துறையின் ஆண்டுக் கணக்கில் அதே நிலத்தின் மதிப்பு 30.65 லட்சம் டாலர் என்று எழுதப்பட்டது. பத்தில் ஒரு பங்கு. கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளர்களின் கண் அந்த இடத்தில் நின்றது. 2020 செப்டம்பரில் தணிக்கை அறிக்கை வந்தது. அடுத்த மாதம் செனட் விசாரணையில் துறைச் செயலாளர் அந்த எண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இது எவர் வீட்டு ரகசியத் தகவலிலிருந்தும் வரவில்லை. ஒரே நிலத்துக்கு ஓராண்டு இடைவெளியில் இரண்டு விலை இருந்ததைப் பார்த்ததிலிருந்து வந்தது.

நீங்கள் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. தணிக்கை அலுவலக அறிக்கைகளில் முன்னுரையைத் தாண்டிப் போங்கள்; துறை தந்த பதில் பின்னிணைப்பில் இருக்கும், அதைப் படியுங்கள். 10,000 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை 42 நாட்களுக்குள் ஆஸ்டெண்டர் தளத்தில் போட வேண்டும். மானியங்களைக் கிராண்ட்கனெக்ட் தளத்தில் 21 நாட்களுக்குள். விமானங்கள் எத்தனை நேரத்துக்கு வந்தன, எத்தனை ரத்தாயின என்ற கணக்கை மத்தியப் போக்குவரத்து ஆய்வுப் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. பிராந்திய ஊர்களின் விமானச் சேவை பற்றிப் பேச வேறு எண் தேவையில்லை. மே மாத வரவு செலவுத் திட்டத்தோடு ஒவ்வொரு துறைக்கும் தனிப் புத்தகம் வரும். போன ஆண்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பாருங்கள். பெயர் மாறிய திட்டம், காணாமல் போன வரி, இரண்டாண்டு தள்ளிப்போன தொகை எல்லாம் அங்கே தென்படும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளூராட்சி மானியத்தின் அடுத்த ஆண்டுப் பணத்தைச் சில ஆண்டுகளில் ஜூன் மாதத்திலேயே முன்கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல், மானியம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று உங்கள் செனட்டர் எழுந்து முழங்கினால், அமைச்சருக்கு அன்று தீபாவளி.

படி 3: கேள்வியை வடித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள்.

1988 பிப்ரவரியில் செனட் நிறைவேற்றிய சிறப்புரிமைத் தீர்மானத்தில் ஒரு விதி இருக்கிறது. அரசு அதிகாரியிடம் கொள்கை பற்றிய கருத்தைக் கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் கொள்கை எப்போது எடுக்கப்பட்டது, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர் நல்ல கேள்வி கேட்பார். 'கார் நிறுத்துமிடத் திட்டம் அநியாயம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்டால் அமைச்சர் குறுக்கிட்டு அதிகாரியைக் காப்பாற்றிவிடுவார்; விதி அவர் பக்கம். 'இந்த இடத்தைத் துறை பரிந்துரைத்ததா?' என்று கேட்டால் அதிகாரிக்கு இரண்டே வழிதான்: ஆம், இல்லை.

கேள்வியைச் சிறு துண்டுகளாக வெட்டி வரிசைப்படுத்துங்கள். நான் ஒரு நிலையத்துக்காகக் குறிப்பு எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

இந்த இடத்தின் பெயர் துறைக்கு முதன்முதலில் எந்தத் தேதியில் வந்தது? யாரிடமிருந்து வந்தது? கடிதமா, மின்னஞ்சலா, பட்டியலா? அந்தப் பட்டியலில் மொத்தம் எத்தனை இடங்கள்? அதற்கு முன் துறை தானாக ஒரு பட்டியல் தயாரித்திருந்ததா? மாநில அரசிடம் கருத்துக் கேட்டீர்களா, எந்தத் தேதியில்? எத்தனை வண்டி நிற்கும்? ஒரு வண்டிக்கு எவ்வளவு செலவு? இன்று எத்தனை வண்டி நிற்கிறது?

ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் கேட்கக்கூடியது. ஒவ்வொன்றின் விடையும் ஒரு தேதி, ஒரு பெயர் அல்லது ஒரு எண். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வியைப் பொதிந்து வைத்தால், அனுபவமுள்ள அதிகாரி எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

இந்த வகைக் கேள்வியின் வலிமை 2021 ஜூலையில் தெரிந்தது. செனட்டின் நிதி மற்றும் பொது நிர்வாகக் குழு முன் தணிக்கை அலுவலக அதிகாரி பிரையன் பாய்ட் சாட்சி சொன்னார். தேர்வு வேலை தொடங்கியபோது கையில் இருந்தது நெரிசல் மிகுந்த நிலையங்களின் பட்டியல் இல்லை. வெற்றி வித்தியாசம் குறைந்த 20 தொகுதிகளின் பட்டியல். அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்களிடமோ வேட்பாளர்களிடமோ, உங்களுக்கு எங்கே வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்குத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசிய எவரும் அந்த 20ஐ விட்டுவிட்டுப் பேச முடியவில்லை.

ஆளுங்கட்சி மாறினாலும் முறை ஒன்றுதான். 2023 நவம்பரில் லேபர் அரசு, சாலை மீட்புத் திட்டத்தின் ஆண்டுத் தொகையை 50 கோடியிலிருந்து படிப்படியாக 100 கோடி டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. கேட்க இனிமை. அதே காலத்தில் கோவிட் நாட்களில் தொடங்கிய ஊர்ச்சாலை மற்றும் சமூகக் கட்டமைப்புத் திட்டம் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இங்கே எதிர்க்கட்சி செனட்டர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு திட்டத்தையும் சேர்த்து, ஆண்டுவாரியாக மன்றங்களின் கைக்குப் போகும் மொத்தத் தொகை எவ்வளவு? கூட்டல் கணக்குதான். ஆனால் அரசு தானாகச் செய்து காட்டாத கூட்டல் கணக்கு.

படி 4: கேள்வி நேரத்தை அளவோடு மதியுங்கள்

தொலைக்காட்சியில் வருவது இதுதான். அமர்வு நாட்களில் பிற்பகல் 2 மணி. கேள்விக்கு ஒரு நிமிடம், விடைக்கு இரண்டு நிமிடம், அதன்மேல் இரண்டு துணைக்கேள்விகள். விடை கேள்விக்கு நேரடியாகப் பொருந்த வேண்டும் என்பது விதி. ஆனால் எப்படி விடை சொல்ல வேண்டும் என்று அவைத்தலைவர் அமைச்சருக்கு உத்தரவிட முடியாது. போக்குவரத்து அமைச்சர் பெரும்பாலும் கீழவையில் இருப்பார். செனட்டில் அவர் சார்பாக எழுந்து நிற்பவர் வேறு துறை அமைச்சர். கையில் ஒரு குறிப்புத் தாள். எனவே இங்கே புதுத் தகவல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

பிறகு எதற்கு? அரசு ஒரு நிலைப்பாட்டைச் சொல்லிப் பதிவாக வேண்டும் என்பதற்கு. இன்று அமைச்சர் சொல்வது நாளை அவையின் பேச்சுப் பதிவான ஹன்சார்டில் நிற்கும். மூன்று மாதம் கழித்து அதிகாரி வேறு தேதி சொன்னால், இரண்டையும் அருகருகே வைக்கலாம். அதனால் கேள்வி நேரத்துக்கு ஏற்ற கேள்வி, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வி.

கேள்வி நேரம் முடிந்ததும், விடைகளைக் கவனத்தில் கொள்வதற்கான தீர்மானத்தின் மீது அரை மணி நேரம் பேச வாய்ப்புண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம். ஊர்ப் பெயர் சொல்லி, அந்த ஊர் நிலையத்தின் நிலையைச் சொல்லி ஒரு உரையைப் பதிய வைக்க அது போதும். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அந்த ஐந்து நிமிடம்தான் செய்தி.

படி 5: எஸ்டிமேட்ஸ் அறையில் உட்காருங்கள்

செலவு மதிப்பீட்டு விசாரணை. எல்லோரும் எஸ்டிமேட்ஸ் என்றே சொல்வார்கள். 1970இலிருந்து நடக்கிறது. ஆண்டுக்கு வழக்கமாக மூன்று சுற்று: பிப்ரவரி, மே–ஜூன், அக்டோபர்–நவம்பர். காலை 9 மணிக்குத் தொடங்கினால் இரவு 11 வரை போகும். போக்குவரத்துக்கு, ஊரக மற்றும் பிராந்திய விவகாரங்கள், போக்குவரத்துக் குழு. மேசையின் ஒரு பக்கம் செனட்டர்கள். எதிரே அமைச்சரும் துறைச் செயலாளரும், அவர்களுக்குப் பின்னால் கோப்புகளோடு வரிசை வரிசையாக அதிகாரிகளும். பொதுமக்கள் இணையத்தில் முழுவதும் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். இரவு பத்தரைக்குக் களைத்துப் போன அறையில் வரும் விடைகள் காலை விடைகளைவிடச் சுவையானவை.

இங்கே கேள்வி கேட்பவருக்குச் சாதகமான விதிகள் பல. குழு உறுப்பினராக இல்லாத செனட்டரும் வந்து கேட்கலாம். மூடிய அறையில் சாட்சியம் எடுக்க முடியாது, எல்லாம் வெளிப்படை. துறையின் செயல்பாட்டையோ நிதிநிலையையோ தொடும் எந்தக் கேள்வியும் பொருத்தமானதே என்று 1999இல் செனட் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'இது மதிப்பீட்டுக்குத் தொடர்பில்லாதது' என்று அமைச்சர் முனகினால், இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

சாதகமில்லாத ஒன்று: இந்தக் குழுக்களின் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். நேரத்தைப் பங்கிடுவது அவர். உங்கள் செனட்டருக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதில் ஏழு நிமிடம் அமைச்சரின் நீண்ட முன்னுரையில் கரையும். அதனால் முதல் கேள்வியே முக்கியக் கேள்வியாக இருக்கட்டும். பீடிகை வேண்டாம்.

அதிகாரி அடிக்கடி சொல்வது, எழுத்து மூலம் பிறகு தருகிறேன் என்று. சிலவேளை அது நேர்மையான பதில். யாராலும் 47 இடங்களின் கணக்கையும் தலையில் வைத்திருக்க முடியாது. சிலவேளை அது தப்பிக்கும் கதவு. வேறுபாட்டை அறிய ஒரு சிறு வழி உண்டு. 'அந்த எண் இப்போது இந்த அறையில் யாரிடமாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள். பின்வரிசையில் யாரோ கோப்பைப் புரட்டத் தொடங்குவார். உண்மையிலேயே பிறகுதான் தர முடியும் என்றால், குழு நிர்ணயித்த கடைசி நாளை அங்கேயே வாய்விட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

படி 6: மறுத்தால் காரணம் கேளுங்கள்

'அது அமைச்சரவைக்குத் தந்த ஆலோசனை, சொல்ல முடியாது' என்ற சுவர் ஒருநாள் வரும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, அதன் வரலாறு வேடிக்கையானது. 2009 மே 13 அன்று செனட் ஒரு உத்தரவை நிறைவேற்றியது. பொதுநலன் கருதித் தகவலைத் தர மறுப்பவர், எந்த அடிப்படையில் மறுக்கிறார், வெளியிட்டால் குறிப்பாக என்ன தீங்கு வரும் என்று சொல்ல வேண்டும். அரசுக்குத் தந்த ஆலோசனை என்பது மட்டுமே காரணமாகாது. இதைக் கொண்டுவந்தவர் அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மத்தியாஸ் கோர்மன். நான்கு ஆண்டுகளில் அவர் நிதியமைச்சரானார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த உத்தரவை எதிர்க்கட்சியினர் அவர் அமர்ந்திருந்த மேசைக்கு முன்னேயே எடுத்துப் படித்தார்கள்.

இதற்கு அடுத்த ஆயுதம், ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லும் செனட் உத்தரவு. இதற்கு அவையில் பெரும்பான்மை வேண்டும், அதாவது சிறு கட்சிகளோடு பேச வேண்டும். 'கார் நிறுத்துமிடம் சம்பந்தமான எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால், தேடவே ஓராண்டாகும் என்று சொல்லித் தப்புவார்கள். எந்த அமைச்சர் அலுவலகத்துக்கும் துறைக்கும் இடையே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பட்டியல் என்று குறுக்குங்கள்.

படி 7: தேவைப்பட்டால் தனிக் குழு

கத்தார் ஏர்வேஸ் விவகாரம் இதற்கு நல்ல பாடம். ஏற்கெனவே இயக்கிவந்த வாரத்துக்கு 28 விமானங்களோடு கூடுதலாக 21 விமானங்களை நான்கு பெரிய நகரங்களுக்கு இயக்க அந்நிறுவனம் அனுமதி கேட்டது. 2023 ஜூலையில் போக்குவரத்து அமைச்சர் கேத்தரின் கிங் மறுத்தார். ஏன் என்ற கேள்விக்கு விடை வாரத்துக்கு ஒன்றாக மாறியது. தேசிய நலன் என்றார்கள். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டஸின் லாபம் பற்றி இன்னொரு அமைச்சர் பேசினார். 2020இல் தோஹா விமான நிலையத்தில் பெண்களைக் கட்டாயப்படுத்திச் சோதித்த கொடுமை முடிவின் பின்னணியில் இருந்தது என்றார் கிங். தேசியக் கட்சி செனட்டர் பிரிட்ஜெட் மெக்கென்சி தலைமையில் செப்டம்பர் தொடக்கத்தில் தனி விசாரணைக் குழு அமைந்தது. அக்டோபரில், முடிவை மறுபரிசீலனை செய்யும்படி அறிக்கை தந்தது.

கிங் குழு முன் வரவில்லை. வரும்படி உத்தரவிடவும் முடியாது, ஏனென்றால் ஒரு அவை மற்ற அவையின் உறுப்பினரைக் கட்டாயப்படுத்தி அழைப்பதில்லை. வந்தவர்கள் அதிகாரிகள், விமான நிலையங்கள், போட்டி நிறுவனங்கள். முடிவும் மாறவில்லை. ஆனால் எவர் எப்போது என்ன ஆலோசனை தந்தார் என்ற காலவரிசை பதிவாயிற்று. தனிக் குழுவிடம் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அமைச்சரின் தலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மெக்கென்சியைப் பற்றி ஒரு இடைச்செருகல். 2020 பிப்ரவரியில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்குப் பின்னணி, ஊர் விளையாட்டு மன்றங்களுக்கான 10 கோடி டாலர் மானியத்தைப் பங்கிட்ட விதத்தைத் தணிக்கை அலுவலகம் தோலுரித்தது. கேள்விகளுக்கு எதிரே உட்கார்ந்த அனுபவம் உள்ளவர் கேள்வி கேட்டால் கூர்மை அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். வெட்கம் குறைவாக இருக்கும் என்பவர்களும் உண்டு.

படி 8: கேள்வி யார் மேல் விழும் என்று யோசியுங்கள்

அவையில் பேசுவதற்கு அவதூறு வழக்கு கிடையாது. அதனாலேயே இந்தப் படி.

2020 அக்டோபர் 22, எஸ்டிமேட்ஸ். லேபர் செனட்டர் கிம்பர்லி கிட்சிங், ஆஸ்திரேலியத் தபால் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிறிஸ்டின் ஹோல்கேட்டிடம் பரிசுகளைப் பற்றிக் கேட்டார். 2018இல் நான்கு மூத்த ஊழியர்களுக்குக் கார்டியே கைக்கடிகாரம் கொடுத்தது வெளியே வந்தது. மொத்தம் சுமார் 20,000 டாலர். கேள்வி நியாயமானது, விடை உண்மை. அன்று பிற்பகலே பிரதமர் ஸ்காட் மாரிசன் கீழவையில் கொதித்தார். அடுத்த சில நாட்களில் ஹோல்கேட் பதவி இழந்தார். அந்தக் கடிகாரங்கள் எதற்கு என்பது பின்னால் வந்த செய்தி. மூன்று பெரிய வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டு, வங்கிக் கிளை மூடப்பட்ட ஊர்களில் தபால் நிலையத்திலேயே பணம் போட, எடுக்க வழி செய்ததற்கான பாராட்டு அது. உரிமம் பெற்றுச் சிறு தபால் நிலையம் நடத்துபவர்களுக்கு அந்த ஒப்பந்தம் வாழ்வாதாரம். அவர்கள் ஹோல்கேட் பக்கம் நின்றார்கள். 2021இல் இன்னொரு செனட் விசாரணை, அவர் நடத்தப்பட்ட விதம் தவறு, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. நிறுவனம் 10 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தது.

கேட்டிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் 'எதற்காகக் கொடுத்தீர்கள்?' என்ற அடுத்த கேள்விக்கும் அதே அளவு வெளிச்சம் கிடைத்திருந்தால், அன்றைய செய்தி ஊர்த் தபால் நிலையத்தைப் பற்றியதாக இருந்திருக்கும். உங்கள் குறிப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் காரணத்தைக் கேட்கும் கேள்வியும் இருக்கட்டும்.

படி 9: முப்பது நாளை எண்ணுங்கள்

எழுத்து மூலக் கேள்விக்கு 30 நாட்களில் விடை வர வேண்டும். வரவில்லையென்றால், கேள்வி நேரத்துக்குப் பிறகு செனட்டர் எழுந்து விளக்கம் கேட்கலாம். விளக்கமே தரவில்லையென்றால் அதன் மீதும் பேசலாம். ஆவண உத்தரவுக்கும் இதே 30 நாள் வழி உண்டு. பல அலுவலகங்கள் கேள்வியை அனுப்பிவிட்டு மறந்துவிடுகின்றன, துறைகளுக்கும் இது தெரியும்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கேள்வி எண், அனுப்பிய நாள், 30ஆம் நாள், வந்த விடை, விடையில் இல்லாதது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'திட்டம் மாநில அரசோடு கலந்தாலோசனையில் உள்ளது' என்று விடை வந்தால், அதில் தேதி இல்லை என்று எழுதிவைத்து அடுத்த கேள்வியில் தேதியை மட்டும் கேளுங்கள்.

ஆட்சி மாறினாலும் புத்தகத்தை மூடாதீர்கள். 2022 மேயில் லேபர் வந்தது. 2023 மேயில் புதிய அமைச்சர் 12,000 கோடி டாலர் மதிப்புள்ள பத்தாண்டுக் கட்டமைப்புத் திட்டங்களை மறுபரிசீலனை செய்ய 90 நாள் ஆய்வு என்று அறிவித்தார். முடிவு வெளியானது நவம்பர் 16 அன்று. 50 திட்டங்கள் கைவிடப்பட்டன. இப்போது கேட்பவர்கள் நேற்றுவரை விடை சொன்னவர்கள். உங்கள் நிலையம் கைவிட்ட பட்டியலில் இருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த இடத்துக்கு 2019இல் ஒதுக்கிய தொகையில் இதுவரை செலவானது எவ்வளவு, மீதி எந்த வரியில் போய்ச் சேர்ந்தது?